ஏற்க மறுப்பு

உடையக்கூடியது, திரவம், கெட்டுப்போவது
ஏதாவது உள்ளே இருக்கிறதா?
டிசம்பர் முழுக்க இதைத்தான் கேட்கிறேன்.
சட்டப்படி கேட்டாக வேண்டும்.
மூக்கு எனக்கு முன்பே பதிலைச் சொல்லிவிடும்:
கிராம்பு, இஞ்சி, கருப்பு வெல்லப்பாகு,
சற்றே கருகிய வெண்ணெய்.

"நீ மெதுவாக அனுப்பினால் மூன்றும்தான்"
என்பாள் ஆர்டிஸ் நெஸ்டால்.

ஒன்பது தகர டப்பாக்கள்.
பிஸ்கெட்டுகளை இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து
மெழுகுத்தாளில் சுற்றி
இடுக்குகளில் உப்பில்லாத சோளப்பொரி கொட்டி
மேலே ஒரு துண்டு வெள்ளை ரொட்டி வைப்பாள்.
ரொட்டி தன் ஈரத்தையெல்லாம் பிஸ்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு
வழியிலேயே கட்டையாகிவிடுமாம்.
டேப் ஒட்டுமுன் ஒவ்வொன்றையும்
காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள்.
"சத்தம் போட்டால் உடையும்."
சத்தம் போட்டதை மட்டும் வீட்டுக்குத் தூக்கிப்போய்
இன்னும் ஒரு பிடி பொரி.
வெளியே பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே,
வடக்கு டகோட்டாவின் காற்று.
அவள் திரும்பி வரும்வரை
வரிசையில் ஒருவரும் முணுமுணுப்பதில்லை.
காரணம் இருக்கிறது.

எட்டு போய்ச் சேரும்.
ஒன்பதாவது, ஸ்போகேனில் இருக்கும் தம்பி லீலண்டுக்கு.
அப்பாவின் அறுவடை இயந்திரத்தை
அவனைக் கேட்காமல் விற்றுவிட்டாள்.
எவ்வளவுக்கு என்பது ஊருக்கே தெரியும்;
ஏன் என்பது அவளுக்கு மட்டும்.
பதினோரு வருடம், பதினோரு டப்பா.
ஒவ்வொரு ஜனவரியும் திரும்பி வந்தது,
சிவப்பு மையில் 'ஏற்க மறுப்பு'.

முதல் வருடம்
அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.
கவுண்டரிலேயே கத்தரிக்கோல் கேட்டாள். திறந்தாள்.
இரண்டாயிரம் மைல் போய்வந்தும்
ஒன்றுகூட உடையவில்லை.
"வேடிக்கை பார்க்கிறீர்களே, எடுங்கள்."

அப்படித்தான் ஆரம்பித்தது.
பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்லின்,
தானியக் கிடங்கில் கணக்கெழுதும் மாவிஸ்,
ஒரே ஒரு தபால்தலை வாங்க வரும் போதகர்,
எல்லோருக்கும் ஜனவரி இரண்டாம் வாரம்
என் அலுவலகத்தில் வேலை முளைத்துவிடும்.
ஊர்வாயை மூட உலைமூடி இல்லை;
எங்களுக்கு இஞ்சி பிஸ்கெட் இருந்தது.
லீலண்டின் கோபத்தைக்
காபியில் தோய்த்துத் தின்றோம்.
வருடா வருடம் அது மெத்தென்றே இருந்தது.

இந்த வருடம் பத்தாம் தேதி வரவில்லை.
பதினான்கு.
பதினேழு.
"இன்னும் வரலையா?" என்றான் வெர்லின்.
வரவேண்டும் என்றா, வரக்கூடாது என்றா,
குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை.
நானும் யோக்கியனல்ல:
மேற்கேயிருந்து வண்டி வந்ததும்
சாக்கை முதலில் துழாவியது நான்தான்.
ஆர்டிஸ் மட்டும் கேட்கவில்லை.
மின்கட்டணக் காசோலையை அனுப்பிவிட்டு
கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி மூன்று. அதே டப்பா.
சிவப்பு முத்திரை இல்லை.
புதுத் தபால்தலைகள், கோணல்மாணலாக,
தேவைக்கு மேல் நான்கு.
போனபோது நாலு பவுண்டு இரண்டு அவுன்ஸ்.
இப்போது ஒன்றே கால்.
எடை போட எனக்கு உரிமையில்லை.
போட்டேன்.

அன்றைக்குக் கவுண்டரில் ஏழு பேர்.
கத்தரிக்கோலை நானே நீட்டினேன்.
வாங்கவில்லை.
டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டினாள்.

டொக்.

ஏதோ ஒன்று, ஒற்றையாய்,
தகரத்தில் மோதியது.
காய்ந்த ரொட்டித் துண்டு என்றாள் மாவிஸ்.
சாவி என்றான் வெர்லின்; எதன் சாவி என்று சொல்லவில்லை.
இன்னொரு தடவை ஆட்டினாள்.
பிறகு அதைக் கோட்டுக்குள் வைத்து
ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப்
பனியில் இறங்கிப் போனாள்.
நடக்கிற நடைக்கு அது சத்தம் போட்டுக்கொண்டே போயிருக்கும்.

மறுநாள் கடையில் ஒரு பாக்கெட் இஞ்சி பிஸ்கெட் வாங்கி
கவுண்டரில் பிரித்து வைத்தேன்.
பாதி இன்னும் இருக்கிறது.